கடற்கரைப் பாஸ்கா மேடையில் மியூட்டும் ஃபேடும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மண்டபத்துக்கும் மூக்கையூருக்கும் இடையே, மன்னார் வளைகுடாவைப் பார்த்த மீனவர் ஊர் ஒன்று. தவக்காலக் கடைசியில் இரண்டு இரவுகள், இயேசுவின் திருப்பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம். இரவு 9 மணிக்குத் தொடங்கினால் முடிய 1 மணி தாண்டிவிடும். 14 காட்சிகள், முப்பதுக்கும் மேற்பட்ட நடிகர்கள், ஆனால் 12 ஹெட்செட் மைக்குகள்தான். முதல் இரவு, டிஜிட்டல் மிக்சரின் சீன் நினைவகத்தை (சேமித்த அமைப்பை மறுபடி எடுக்கும் வசதி) நம்பி ஓட்டியதில் பல இடங்களில் சத்தம் சறுக்கியது. இரண்டாம் இரவு அதே கருவிகள், அதே ஆட்கள். நாடகம் கேட்கும்படி நடந்தது. இடையில் இருந்தது ஒரு பகல். அந்தப் பகலில் எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்பதுதான் இந்த ஆய்வு.

மாற்றத்தின் அடிப்படையை முதலிலேயே சொல்லிவிடலாம். யார் எப்போது பேசுவார், பாட்டு எங்கே அடங்கும் என்பதை நாடகம் தீர்மானிக்கிறது. அதை மெஷினிடம் கொடுக்கலாம். மைக்கில் காற்று எவ்வளவு அடிக்கும், வியர்வை எந்த மைக்கின் கேப்சூலை (ஒலி வாங்கும் தலை) நனைக்கும், கூட்டம் எவ்வளவு இரையும் என்பதைக் கடற்கரை தீர்மானிக்கிறது. அது கையில்தான் இருக்க வேண்டும். முதல் இரவு இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி நினைவகத்தில் போட்டுவிட்டார்கள்.

மேடை, காற்று, கருவிகள்

மேடை கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறது. கூட்டம் அதற்கு வடக்கே மணலில் உட்காருகிறது. மிக்சர் பந்தல் மேடையிலிருந்து சுமார் 30 மீட்டர் தள்ளி, நடுவில். மாலையில் சோழகக் காற்று கடலிலிருந்து வீசும்போது நடிகரின் முதுகில் படும். ஸ்பீக்கர் சத்தத்தையும் கூட்டத்தின் பக்கம் கொண்டுபோகும். இரவு 11 மணிக்கு மேல் அது ஓய்ந்து, கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று எழுந்தால், நேராக நடிகரின் முகத்துக்கும் மைக்குக்கும் அடிக்கும். சத்தம் இப்போது எதிர்காற்றில் போக வேண்டும். எதிர்காற்று ஒலியை மேல்நோக்கி வளைப்பதால் பின்வரிசையில் சத்தம் மெலிகிறது. ஆக, மாலை 6 மணி ஒத்திகையில் சரியாக வைத்த எந்த அளவும் நள்ளிரவுக்குச் செல்லாது.

டெஸ்க், அதாவது மிக்சர், பெரிஞ்சர் எக்ஸ்32. மேடையில் மைக்குகளை மாட்டும் எஸ்16 பெட்டிகள் இரண்டு, ஆளுக்கு 16 உள்ளீடு. பெட்டியையும் டெஸ்க்கையும் இணைப்பது ஷீல்டு உள்ள கேட்5ஈ கேபிள் ஒன்று. இந்தக் கேபிளின் இரு முனையிலும் உலோகக் கவசம் உள்ள இணைப்பி இருக்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் முனை போட்ட கேபிளும் வேலை செய்வதுபோலத் தெரியும். ஆனால் நிலைமின்சாரம் பட்டால் சத்தம் ஒரு நொடி அறுந்து வரும். உப்புக் காற்றில் அந்த உலோகம் ஒரே நாளில் பூத்துவிடும் என்பதால், மாட்டுவதற்கு முன் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

சேனல் அடுக்கு இப்படி: 1 முதல் 12 வரை ஹெட்செட் மைக்குகள். 13 கம்பி போட்ட கைமைக், அவசரத்துக்கு. 14, 15 கதைசொல்லிகள். 17 முதல் 20 வரை ஒரு தனி வேலைக்கு, பின்னால் வருகிறது. 21 முதல் 24 வரை பாடகர் குழு. 25, 26 கீபோர்டு. 27, 28 டிரம் பேட். 29, 30 லேப்டாப்பிலிருந்து வரும் பதிவிசை.

ஒரு சொல் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. நாடகக்காரர் சீன் என்றால் காட்சி. மிக்சர்காரர் சீன் என்றால் நினைவகம். பக்கவாட்டிலிருந்து ‘சீன் ஆறு’ என்று ஒருவர் சொல்ல, டெஸ்கில் இருப்பவர் ஆறாம் நினைவகத்தை எடுத்தால் மேடையே ஊமையாகும். நாடகப் பகுதியைக் காட்சி என்றும், டெஸ்க்கில் இருப்பதை மட்டும் சீன் என்றும் இரண்டு தரப்பும் பேசிவைத்துக்கொண்டால் போதும்.

முதல் இரவு

மாலை ஒத்திகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முழு சீனைச் சேமித்தார்கள். எக்ஸ்32-இல் 100 சீன்களுக்கு இடம் உண்டு, இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் முழு சீன் என்பது மியூட் (மைக்கை மூடுவது) மட்டுமல்ல. ஃபேடர் (சத்தத்தை ஏற்றி இறக்கும் சறுக்கி), ஈக்யூ (குரலின் கனத்தையும் மென்மையையும் திருத்துவது), லோ கட் (தாழ்ந்த ஒலிகளை வெட்டுவது), கம்ப்ரசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவது), மானிட்டருக்கு (மேடையில் இருப்பவர்களுக்கான ஸ்பீக்கர்) போகும் அளவு, மைக் கெயின் (மைக்கின் சத்தத்தைப் பெருக்கும் அளவு) என்று டெஸ்க்கின் மொத்த நிலையும் அதற்குள் போய்விடுகிறது.

11 மணிக்குக் காற்று திரும்பியது. மைக்குகளில் ‘பொத் பொத்’ என்ற அடி. டெஸ்க்கில் இருந்தவர் சரியாகத்தான் செய்தார்: 12 மைக்குகளுக்கும் லோ கட்டை 100 ஹெர்ட்ஸிலிருந்து 160-க்கு ஏற்றினார். அடுத்த க்யூவுக்கு (மாற்றம் செய்ய வேண்டிய தருணம்) சீன் எடுத்ததும் எல்லாம் மாலை 6 மணிக்குத் திரும்பிப் போயிற்று. மறுபடி ஏற்றினார்; மறுபடி அடுத்த சீன் அழித்தது. இதற்கு நடுவில் பக்கவாட்டிலிருந்து செய்தி வந்தது: “அண்ணே, நாலாம் மைக் நனைஞ்சிருச்சு, சத்தமே வரல.” வியர்வை ஏறிய கேப்சூல் மந்தமாகிவிட்டது. கெயினை 6 டெசிபல் தூக்கிச் சமாளித்தார். அடுத்த சீன் அதையும் கீழே இறக்கியது; இயேசுவாக நடித்தவரின் குரல் பாதி வசனத்தில் அமுங்கியது.

ஃபேட், அதாவது சத்தம் மெல்ல ஏறி இறங்குவது, வேறு கதை. எக்ஸ்32-இல் சீனை எடுக்கும்போது ஃபேட் நேரம் கொடுக்க வழியில்லை. ஃபேடர் புது இடத்துக்கு உடனே ஓடும். பாடகர் குழு மெல்ல அடங்க வேண்டிய இடங்களில் கத்தரியால் வெட்டியதுபோல அறுந்தது. யமஹா சிஎல், கியூஎல் வகை டெஸ்க்குகளில் சீனுடன் 60 வினாடி வரை ஃபேட் நேரம் வைக்கலாம். அங்கேயும் ஒரு பொறி உண்டு: ஃபேட் நேரம் ஃபேடருக்குத்தான், சேனலின் ஆன் பொத்தானுக்கு இல்லை. புது சீனில் அந்தச் சேனல் ஆஃப் என்று சேமிக்கப்பட்டிருந்தால், ஃபேடர் எட்டு வினாடி அழகாக இறங்கும், சத்தமோ முதல் நொடியிலேயே போய்விடும். எந்த டெஸ்க் ஆனாலும் ஃபேட் ஒரு க்யூ, அது முடிந்த பின் மியூட் வேறொரு க்யூ.

நள்ளிரவுக்குச் சற்று முன் மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறினார்கள். டெஸ்க் அணைந்து மறுபடி ஏறியது. ஏறும்போது அது நினைவில் வைத்திருந்தது சில நிமிடத்துக்கு முந்தைய நிலை. மேடையில் பிலாத்து பேசிக்கொண்டிருக்க, முந்தைய காட்சியின் மைக்குகள் திறந்திருந்தன. அங்கிகளை மாற்றிக்கொண்டே நடிகர்கள் பேசியது ஊருக்கே கேட்டது. திருப்பாடுகளின் நடுவில் அப்படி ஒரு சத்தம் வருவது, கண்ணீரோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குச் சாதாரணக் குறை அல்ல.

எல்லா மைக்கையும் திறந்தே வைத்தால் என்ன?

மறுநாள் காலையில் எழுந்த முதல் யோசனை இதுதான்: ஆட்டோமேஷனே வேண்டாம், 12 மைக்கையும் திறந்து வைத்துக் கையால் ஏற்றி இறக்குவோம். கணக்குப் போட்டால் நடக்காது என்பது தெரியும். திறந்த மைக் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம், ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தமே மைக்கில் திரும்பி ஹவுலிங் ஆவது) வருமுன் கிடைக்கும் கெயினில் 3 டெசிபல் போய்விடும். 3 மைக்குக்குப் பதில் 12 திறந்தால் 6 டெசிபல் நஷ்டம். காற்றிரைச்சலும் அதே கணக்கில் கூடும்; ஒரே அளவு காற்று வாங்கும் 12 மைக்குகள் சேர்ந்தால் ஒரு மைக்கைவிட ஏறக்குறைய 11 டெசிபல் அதிக இரைச்சல். கடற்கரை மேடையில் மியூட் செய்வதற்கு முதல் காரணமே காற்றுதான்.

கேட் (சத்தம் வந்தால் மட்டும் மைக்கைத் திறக்கும் வசதி) போடலாமே என்றால், காற்றடியே கேட்டைத் திறந்துவிடும். டெஸ்க்கில் உள்ள ஆட்டோமிக்ஸ் (பேசுபவரின் மைக்கைத் தானாக ஏற்றுவது) முதல் 8 சேனல்களுக்கு மட்டும், இங்கே 12. எனவே யார் எப்போது திறப்பு என்பதை எழுதிவைத்து ஓட்டுவதே வழி.

ஸ்னிப்பெட்: மியூட்டை மட்டும் தூக்கும் நினைவகம்

எக்ஸ்32-இல் சீன்களைத் தவிர 100 ஸ்னிப்பெட்டுகளும் உண்டு. நாம் டிக் போட்ட சேனல்களின் டிக் போட்ட அம்சங்களை மட்டும் ஸ்னிப்பெட் மாற்றும், மற்றவற்றைத் தொடாது. சீன்களையே வைத்துக்கொண்டு பாராம் சேஃப் பக்கத்தில் ஈக்யூ, கெயின் போன்றவற்றைப் பாதுகாத்தும் இதைச் செய்யலாம். ஆனால் அந்தப் பாதுகாப்பு ஒட்டுமொத்தமானது. யாராவது ஒரு டிக்கை எடுத்துவிட்டால் அத்தனை சீன்களும் பழையபடி எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கும். ஸ்னிப்பெட்டில் கட்டுப்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது.

செய்முறை: முதலில் 1 முதல் 12, 17 முதல் 20 ஆகிய சேனல்களின் மியூட்டைக் கையால் சரியான நிலைக்குக் கொண்டுவாருங்கள். சீன்ஸ் பொத்தானை அழுத்தி ஸ்னிப்பெட் பக்கத்துக்குப் போய்ப் புதிதாகச் சேருங்கள். சேனல் வடிகட்டியில் இந்த 16 சேனல்களை மட்டும், அம்ச வடிகட்டியில் மியூட்டை மட்டும் டிக் செய்து, பெயர் கொடுத்துச் சேமியுங்கள். உடனே சோதனை: 3-ஆம் சேனலின் ஃபேடரையும் லோ கட்டையும் வேண்டுமென்றே கலைத்துவிட்டு ஸ்னிப்பெட்டை எடுங்கள். மியூட் மட்டும் மாறி மற்றவை அசையாமல் நின்றால் சரி. அசைந்தால் வடிகட்டியில் ஏதோ ஒரு டிக் கூடுதலாக இருக்கிறது. இந்தச் சோதனையை ஒவ்வொரு ஸ்னிப்பெட்டுக்கும் செய்யுங்கள், சலிப்பாக இருந்தாலும்.

இங்கே எடுத்த முக்கியமான முடிவு: ஒவ்வொரு ஸ்னிப்பெட்டிலும் 16 சேனல்களின் மியூட் நிலையும் முழுமையாக இருக்க வேண்டும். ‘இந்தக் கட்டத்தில் 7-ஐ மட்டும் திற’ என்று மாற்றத்தை மட்டும் எழுதினால், நடுவில் ஒன்று தவறியதும் பின்னால் வருவதெல்லாம் தவறும். முழு நிலையாக எழுதினால் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குத் தாவினாலும், டெஸ்க் அணைந்து ஏறினாலும், அடுத்த க்யூ ஒன்றே மேடையை நேராக்கிவிடும். நடிகர் ஒருவர் பதற்றத்தில் அரைக் காட்சியைத் தாண்டிப் போவது நாடகத்தில் நடக்காத ஒன்றல்ல.

நாடகத்துக்கு 61 க்யூக்கள் வந்தன. ஆனால் எந்தெந்த மைக்குகள் சேர்ந்து திறக்கும் என்ற கூட்டு 27-தான். ஒரே கூட்டு பல காட்சிகளில் திரும்ப வருகிறது. ஆகவே 27 ஸ்னிப்பெட்டுகள் போதுமாயின. ‘மூன்று-ஏழு-ஒன்பது’ என்று மைக் எண்களையே பெயராக வைத்தார்கள். பூஜ்ய எண்ணில் ‘முழு மௌனம்’: 16 சேனல்களும் மியூட்.

13-ஆம் சேனல் கைமைக்கை எந்த ஸ்னிப்பெட்டிலும் சேர்க்கவில்லை. மேடையில் பாறை போலச் செய்த அட்டைக்குப் பின்னால் அது கிடக்கும். ஹெட்செட் செத்தால் நடிகர் அந்தப் பக்கம் நகர்வார். டெஸ்க்கில் விரல் அதைத் திறக்கும். அவசரத்துக்கு வைத்த மைக்கை ஆட்டோமேஷன் மூடிவிடக் கூடாது.

ஒரே மைக், இரண்டு குரல்

முப்பது பேருக்கு 12 மைக் என்றால் கைமாற்று இருக்கும். 7-ஆம் மைக் முதலில் பிலாத்துவுக்கு. பின்பு அரிமத்தியா யோசேப்புக்கு. பிலாத்துவாக நடித்தவருக்குக் கனத்த குரல், 250 ஹெர்ட்ஸ் சுற்றில் குறைக்க வேண்டியிருந்தது. யோசேப்புக்கு மெல்லிய குரல். அதே ஈக்யூவில் அவர் பேசினால் தகரத்தில் தட்டியதுபோல இருக்கும். ஈக்யூவையும் ஸ்னிப்பெட்டில் போடலாமே என்ற ஆசை இங்கேதான் வரும். போட்டால் முதல் இரவின் நோய் பின்வாசல் வழியாகத் திரும்ப நுழையும்.

செய்தது இது: 17-ஆம் சேனலின் கான்ஃபிக் பக்கத்தில் அதன் மூலமாக 7-ஆம் உள்ளீட்டையே தேர்ந்தெடுத்தார்கள். இப்போது ஒரு மைக், இரண்டு சேனல். 7 பிலாத்துவின் ஈக்யூவுடன், 17 யோசேப்பின் ஈக்யூவுடன். எது திறப்பு என்பதை மட்டும் ஸ்னிப்பெட் சொல்லும். இப்படி நான்கு மைக்குகளை 17 முதல் 20 வரை இரட்டித்தார்கள். இரண்டு எச்சரிக்கை: மைக் கெயின் ஒன்றுதான் என்பதால் ஒரு சேனலில் மாற்றினால் மற்றதிலும் மாறும், அளவு வித்தியாசத்தை ஃபேடரில் வையுங்கள். இரண்டும் சேர்ந்து திறந்தால் 6 டெசிபல் வரை எகிறி ஹவுலிங் வரும். முழு நிலை ஸ்னிப்பெட் அதற்கு வழிவிடாது.

ஃபேட்: எண்களும் காதும்

மெல்ல ஏறி இறங்கும் வேலைக்கு லேப்டாப் வந்தது. டெஸ்க் ஓஎஸ்சி கட்டளைகளை (நெட்வொர்க் வழியாகக் கருவியை இயக்கும் கட்டளைகள்) 10023 என்ற யூடிபி போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும். பாடகர் குழு டிசிஏ 5-இல் (பல சேனல்களை ஒன்றாக ஏற்றி இறக்கும் ஃபேடர்) இருந்தால், சாய்கோடு போட்டு டிசிஏ, 5, ஃபேடர் என்று முகவரி எழுதி, 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு தசம எண்ணை அனுப்ப வேண்டும். முகவரியை ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் எழுத வேண்டும். க்யூக்களை ஓட்டும் மென்பொருள்களில் கியூலேப் மேக் கணினியில் மட்டும் ஓடும்; லினக்ஸ் ஷோ பிளேயர் இலவசம். ஓஎஸ்சி அனுப்பும், நேரம் வைத்து எண்ணை நகர்த்தும், ஒரே பொத்தானில் அடுத்த க்யூவுக்குப் போகும் என்ற மூன்றும் இருந்தால் எந்த மென்பொருளும் சரி.

அந்தத் தசம எண் டெசிபலுக்கு நேர்விகிதம் அல்ல. நான்கு துண்டாக நடக்கிறது. 1 என்றால் +10 டெசிபல். 0.75 என்றால் 0 டெசிபல். 0.5 என்றால் −10. 0.25 என்றால் −30. 0.0625 என்றால் −60. 0 என்றால் முழு மௌனம். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் கோடு நேராக ஓடும். கதைசொல்லி பேசும்போது பாட்டை −12 டெசிபலுக்கு இறக்க வேண்டுமானால் அது 0.5-க்குக் கீழே உள்ள துண்டு: −12 உடன் 50 கூட்டினால் 38, அதை 80 ஆல் வகுத்தால் 0.475. அதுதான் அனுப்ப வேண்டிய எண்.

இப்போது கேட்கும் நேரத்துக்கு வருவோம். சிலுவைக் காட்சியின் முடிவில் பாட்டு எட்டு வினாடியில் அடங்க வேண்டும் என்று நாடக ஆசிரியர் கேட்டார். மென்பொருளில் 8 என்று போட்டால் எண் 0.75-இலிருந்து சீராக இறங்கும்: 2.7 வினாடியில் −10 டெசிபல், 5.3 வினாடியில் −30. திறந்தவெளியில் அலையும் ஜெனரேட்டரும் கூட்டமும் இருக்கையில், −30-க்குக் கீழே போன பாட்டு யார் காதுக்கும் எட்டாது. எனவே எட்டு வினாடி ஃபேட், ஐந்து வினாடியில் முடிந்ததாகத்தான் கேட்கும். 12 வினாடி போட்டால் −10 நான்காவது வினாடியில், −30 எட்டாவது வினாடியில். கேட்க வேண்டிய நேரத்தை ஒன்றரையால் பெருக்கிப் போடுங்கள். அமைதியான மூடிய அரங்கில் இந்தப் பெருக்கல் வேண்டாம்.

ஏற்றும்போது இதே கணக்கு தலைகீழாகக் கடிக்கும். 0-விலிருந்து 0.75 வரை 6 வினாடி ஏற்றினால் முதல் இரண்டு வினாடி ஒன்றுமே கேட்காது. பாட்டு தாமதமாக வந்ததாகத் தோன்றும், டெஸ்க்காரர் பதறி இன்னொரு முறை பொத்தானை அழுத்துவார். ஏற்றத்தை 0.25-இல் தொடங்குங்கள்: முதலில் 0.25-க்கு ஒரே தாவல், அங்கிருந்து 4 வினாடி ஏற்றம்.

வினாடிக்கு 20 கட்டளை போதும். 12 வினாடி ஃபேடில் 240 படிகள். மேல் துண்டில் ஒரு படிக்கு எட்டில் ஒரு டெசிபல்தான் மாறும், படிக்கட்டு காதுக்குத் தெரியாது.

கை எங்கே, மெஷின் எங்கே

ஃபேடில் இன்னொரு தொல்லை. டிசிஏவை டெஸ்க்காரர் கையால் 0.7-க்கு இறக்கி வைத்திருக்கிறார்; மெஷின் ஃபேடை 0.75-இலிருந்து தொடங்குகிறது. அடங்க வேண்டிய பாட்டு முதலில் 2 டெசிபல் குபுக்கென்று ஏறிப் பிறகு இறங்கும். நின்ற இடத்தைக் கேட்டுத் தொடங்கும்படி மென்பொருளை எழுதலாம். மதிப்பு இல்லாமல் முகவரியை மட்டும் அனுப்பினால் டெஸ்க் தற்போதைய எண்ணைத் திருப்பிச் சொல்லும். ஆனால் ஒரு பகலில் செய்ய எளிய வழி ஒன்று இருந்தது: டிசிஏ 5, 6, 7 மூன்றும் மெஷினுக்கு, அதை யாரும் தொடக் கூடாது. பாட்டு கூடக் குறைய வேண்டுமானால் 21 முதல் 30 வரையுள்ள சேனல் ஃபேடர்களில் கையால் செய்யுங்கள். வலதுபக்க எட்டு ஃபேடர்களில் அந்த மூன்றின் மேலும் சிவப்பு டேப் ஒட்டினார்கள்.

நடிகர் மைக்குகளிலும் இதே பிரிவுதான். மியூட் மெஷினுக்கு, சேனல் ஃபேடர், லோ கட், கெயின் கைக்கு. 11 மணிக்குக் காற்று திரும்பும்போது கையால் ஏற்றிய லோ கட் இப்போது கடைசிவரை நிற்கும்.

பதிவிசையை மட்டும் டெஸ்க்கில் ஃபேட் செய்யவில்லை. லேப்டாப்பில் ஓடும் பாட்டை லேப்டாப்பிலேயே இறக்குவது சுருக்கம். நெட்வொர்க் நடுவில் வருவதில்லை.

எதிரொலி, அதாவது ரிவெர்ப், பற்றியும் ஒரு வார்த்தை. கெத்சமனித் தோட்டத்தில் வானதூதர் குரலுக்கு நீளமான ரிவெர்ப் போட்டிருந்தார்கள். முதல் இரவில் அந்த ரிவெர்ப் திரும்பும் சேனலும் மியூட் குரூப்பில் (ஒரே பொத்தானில் பல சேனல்களை மூடுவது) இருந்ததால், குரல் முடிந்ததும் வால் வெட்டுப்பட்டது. மைக்கை மியூட் செய்யுங்கள், ரிவெர்ப் சேனலை விட்டுவிடுங்கள். வால் தானாகக் கரையும்.

மியூட் குரூப் ஒன்றை அவசரத்துக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை. அதை விடுவிக்கும்போது, தனியாக மூடியிருந்த சேனலும் சேர்ந்து திறக்கிறதா என்று உங்கள் டெஸ்க்கில் சோதித்த பிறகே நம்புங்கள். சந்தேகமிருந்தால் விடுவித்த கையோடு அந்தக் கட்டத்தின் ஸ்னிப்பெட்டை எடுத்துவிடுங்கள்.

கம்பி, மின்சாரம்

யூடிபியில் கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று யாரும் ரசீது தருவதில்லை. ஃபேடின் நடுப்படி ஒன்று தொலைந்தால் கேடில்லை. கடைசிப் படி தொலைந்தால் பாட்டு முழுதாக மூடாது; ஸ்னிப்பெட்டை எடுக்கச் சொல்லும் கட்டளை தொலைந்தால் மைக் திறக்காது. கூட்டத்தில் ஆயிரம் செல்போன்கள் இருக்கும்போது வைஃபையில் ஃபேட் அனுப்பினால் படிகள் தேங்கித் தேங்கிக் கொத்தாக வரும். லேப்டாப்புக்கும் டெஸ்க்குக்கும் 3 மீட்டர் நெட்வொர்க் கேபிள், இரண்டுக்கும் நிலையான ஐபி எண், லேப்டாப்பின் வைஃபை அணைப்பு. டேப்லெட் வைஃபையில் இருக்கட்டும், மானிட்டர் திருத்த மட்டும். ஸ்னிப்பெட் கட்டளையையும் ஃபேடின் கடைசி எண்ணையும் கால் வினாடி இடைவெளியில் இரண்டு முறை அனுப்பும்படி வைத்தார்கள். முழு நிலையும் முழு எண்ணும் என்பதால் இரண்டாம் முறை போனாலும் ஒன்றும் கெடாது. ‘மாற்றிப் போடு’ வகைக் கட்டளையாக இருந்தால் இரண்டாம் முறை எல்லாம் தலைகீழாகியிருக்கும்.

டெஸ்க் சுமார் 120 வாட் இழுக்கும். டெஸ்க், லேப்டாப், ரூட்டர் மூன்றுக்கும் 1 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் தாராளம். ஆன்லைன் வகை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: சிறிய ஜெனரேட்டரின் ஹெர்ட்ஸ் ஆடும்போது மலிவான யூபிஎஸ்கள் அந்த மின்சாரத்தை ஏற்காமல் பேட்டரிக்கே திரும்பித் திரும்பி ஓடி, அரைமணியில் தீர்ந்துவிடும். மேடையில் உள்ள எஸ்16 பெட்டிகளுக்கும் வயர்லெஸ் ரிசீவர்களுக்கும் தனியாக ஒன்று வேண்டும். அதை மறந்தால் டெஸ்க் மட்டும் விழித்திருக்கும், மைக் எதுவும் வராது. ஆம்ப்ளிஃபயர்களை யூபிஎஸ்ஸில் போடாதீர்கள்.

க்யூ தாள்

நடிகர்கள் வசனத்தைக் கூட்டிக் குறைத்துப் பேசுவார்கள். அதனால் க்யூவின் அடையாளம் முடிந்தவரை அசைவாக இருக்கட்டும். இரண்டாம் இரவுத் தாளிலிருந்து மூன்று வரிகள்:

க்யூ 41: பிலாத்து நாற்காலியிலிருந்து கை ஊன்றி எழும்போது. திறப்பு 3, 7, 9. பாடகர் குழு 4 வினாடியில் −12 டெசிபலுக்கு.

க்யூ 42: பணியாள் தண்ணீர்ப் பாத்திரத்துடன் வாசல் துணியை விலக்கும்போது. திறப்பு 3, 7, 9, 11. ஃபேட் இல்லை.

க்யூ 43: பிலாத்து கை துடைத்த துணியை எறிந்து, இரண்டு அடி நடந்த பின். திறப்பு 3, 9. பாடகர் குழு 3 வினாடியில் 0 டெசிபலுக்கு.

41-இல் ‘எழுந்த பின்’ என்று இல்லாமல் ‘எழும்போது’ என்று எழுதியது சும்மா இல்லை. மைக்கை வாய் திறப்பதற்கு ஒரு வினாடி முன்பே திறக்க வேண்டும்; வார்த்தை வந்த பிறகு திறந்தால் ‘ஆண்டவரே’ என்பது ‘ண்டவரே’ ஆகிவிடும். மூடுவதற்கு நேர்மாறு. கடைசி வார்த்தையோடு மூடாதீர்கள். வெளியேறும்போது ஒரு விம்மல், ஒரு பெருமூச்சு வரும், அது நாடகத்தின் பாகம்.

மதியம் நடிகர்கள் இல்லாமலே 61 க்யூக்களையும் இரண்டு முறை ஓட்டினார்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு க்யூவுக்கும் திறந்த மைக்குகளைத் தாளோடு ஒப்பிட்டு, உரக்கப் படித்துச் சரிபார்த்தார்கள். மூன்று தவறுகள் அகப்பட்டன. மூன்றுமே இரட்டித்த சேனல்களில், 7-க்குப் பதில் 17. இரண்டாம் சுற்றில் வேண்டுமென்றே 20-இலிருந்து 35-க்குத் தாவி, 12-க்குத் திரும்பி, லேப்டாப்பைப் பிடுங்கிவிட்டு டெஸ்க்கில் கையால் ஸ்னிப்பெட் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு முழுத் தொகுப்பையும் பென்டிரைவில் சேமித்து மேசை டிராயரில் போட்டார்கள்.

இரண்டாம் இரவு

காற்று 11 மணிக்குச் சற்று முன்னதாகவே திரும்பியது. லோ கட் 160-க்கு ஏறி, அங்கேயே நின்றது. 4-ஆம் மைக் மறுபடி நனைந்தது. கெயின் ஏற்றினார்கள், நின்றது. அடுத்த காட்சி இடைவெளியில் ஹெட்செட்டையே மாற்றினார்கள். ஒரு நடிகர் பாதிப் பக்கத்தைத் தாண்டிப் போனார். லேப்டாப்பில் நேரடியாக மூன்று க்யூ தள்ளித் தொட்டதும் மேடை சரியானது.

ஒன்று மட்டும் தீரவில்லை. 12 வினாடி ஃபேடில் ஸ்பீக்கர் சத்தம் அழகாகக் கரைந்தது, ஆனால் முதல் நான்கைந்து வரிசைக்குப் பாட்டு நிற்கவேயில்லை. பாடகர் குழு மேடையின் இடது ஓரத்தில், கூட்டத்துக்கு மிக அருகில் நிற்கிறது. அவர்களின் மானிட்டருக்குப் போகும் அளவு ஃபேடருக்கு முன்பிருந்து எடுக்கப்படுகிறது. டிசிஏ இறங்கினாலும் மானிட்டர் இறங்காது. தங்கள் குரல் முழுதாகக் கேட்பதால் அவர்கள் முழுத் தொண்டையோடு பாடிக்கொண்டே இருந்தார்கள். மானிட்டரை ஃபேடருக்குப் பின்னிருந்து எடுத்தால் சுருதி பிடிக்க முடியாமல் தடுமாறுவார்கள். இதற்கு டெஸ்க்கில் வழியில்லை. ஃபேட் க்யூ தொடங்கும்போதே பாடகர் தலைவருக்கு முன்னால் ஒரு சிறு நீல விளக்கு எரிய வேண்டும், அவர் கையைத் தாழ்த்த வேண்டும், குழு குரலைத் தாழ்த்த வேண்டும். அடுத்த ஆண்டுத் தாளில் அந்த விளக்குக்கு ஒரு தனிப் பத்தி ஒதுக்கி, ஃபேட் உள்ள ஒவ்வொரு க்யூவுக்கும் எதிரே குறித்துவைத்திருக்கிறார்கள்.